செல்லோ இசைச் செல்வர்

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் கூறுதல் தமிழ் மரபு. மேனாட்டு நரம்புக்கருவிகளுள் வயலின் நம் நாட்டு இசையரங்குகளில் இடம்பெற்றுப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. அவ்வயலினின் இனத்தைச் சேர்ந்ததே செல்லோ என்னும் கருவி. வடிவில் வயலினை ஒத்ததாயினும் அளவில் அதனினும் மிகப் பெரியது. தோளில் தாங்கி வாசித்தற்கு இயலாதது. இசைப்போர் நாற்காலியில் அமர்ந்து, கருவியை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, அதன் அடியிலுள்ள முளையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வலக்கையால் வில்லை இழுப்பர். தந்திகள் நான்கு. அதன் ஒலி ஆழமும் குழைவும் உடையது; மாந்தர் குரலுக்கு மிக அணுக்கமானது என்று இசை வல்லார் கூறுவர்.

பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் பல்லியத்தில் கீழ்ச்சுரங்களைத் தாங்கி நிற்றலே நெடுங்காலமாகச் செல்லோவின் தலையாய பணியாக இருந்தது. தனித்து வாசிக்க வல்ல கலைஞர் பலர் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் வயலினுக்கும் பியானோவுக்கும் இருந்த பெருமதிப்பு அவையில் இதற்கு இல்லை. அந்நிலையை மாற்றியவருள் முதல்வர் பாப்லோ காசல்ஸ் என்பவர்.

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலை அடுத்துள்ள பகுதி காட்டலோனியா. அப்பகுதி மக்களுக்கெனத் தனி மொழியும் தனி இலக்கியமும் உண்டு. அங்கு வெந்திரெல் என்னும் சிற்றூரில் 1876-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் காசல்ஸ் பிறந்தார். தாய்மொழியில் அவர் பெயர் ‘பாவ்’ என்பது. அச்சொல்லுக்கு அம்மொழியில் ‘அமைதி’ என்றும் பொருள் உண்டு. தந்தையார் கார்லஸ் அவ்வூர்க் கிறித்தவக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், செல்வம் இல்லாதவர். தாயார் பிலார் கரிபியக் கடலிலுள்ள போர்ட்டோரிக்கோத் தீவில் பிறந்தவர்.

இளமையிலேயே காசல்ஸ் தந்தையாரிடம் பியானோ, வயலின், ஆர்கன் ஆகியவற்றைக் கற்றார். ஒருகால் ஊர்தோறும் சென்று இசை நிகழ்த்துவோர் சிலர் வெந்திரெலுக்கு வந்தனர். அவருள் ஒருவர் துடைப்பக் கழியில் தந்தி கட்டி வாசிக்கக் கேட்ட சிறுவன், அதுபோன்றதொரு கருவி தனக்கும் வேண்டும் என்றான். தந்தையார் உலர்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் குடமாகக் கொண்டு, ஒற்றைத் தந்தி பூட்டிக் கருவி ஒன்று செய்து கொடுத்தார். வீணையின் சுரைக்குடத்தை அறிந்த நமக்கு அஃது எத்தகையது என்பது எளிதில் புலனாகும். பதினோராம் வயதில் உண்மையான செல்லோவின் ஒலியை முதன்முதலாகக் கேட்டபோது, இதுவே தன் கருவி என்று சிறுவன் துணிந்தான்.

மகனைத் தச்சரிடம் தொழில் பழக விடவேண்டும் என்பது தந்தையார் எண்ணம். இசையால் வயிறு நிரம்பாது என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். தாயார் அதற்கு இசையவில்லை. 1888-ஆம் ஆண்டில் அவரே மகனை அழைத்துச்சென்று பார்சிலோனா நகராட்சி இசைப்பள்ளியில் சேர்த்தார். ஹோசே கார்சியா என்னும் ஆசிரியர் அங்கே செல்லோ கற்பித்தார்.

அக்காலத்துப் பயிற்சி முறை வியப்புக்குரியது. வில் பிடிக்கும் கை உடம்பை ஒட்டியே இருத்தல் வேண்டும் என்பது விதி. மாணவன் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, அது கீழே விழாதபடி வில்லை இழுத்துப் பழகுவான். கை இறுகும், ஒலியும் உடன் இறுகும். தோளும் முழங்கையும் விடுதலையாக இயங்கினாலன்றி ஒலி விடுதலை பெறாது என்று உணர்ந்த காசல்ஸ் புத்தகத்தை அகற்றினார். இடக்கை முறையையும் மாற்றினார். செல்லோவின் தந்தி வயலின் தந்தியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு நீளமுடையது. ஆகவே சுரத்தானங்கள் ஒன்றற்கொன்று விலகி நிற்கும். பழைய முறையில் கை அடிக்கடி ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாவும். தாவுந்தோறும் விரல் தந்திமேல் வழுக்க, வேண்டாத இழைவொலி எழும். கமகம் வேறு, இவ்வழுக்கல் வேறு. முன்னது கருதிச் செய்வது, பின்னது கருதாது நேர்வது. காசல்சோ விரல்களை அகல விரித்து, கையைப் பெயர்க்காமலே சுரங்களை எட்டினார். பள்ளியில் பயின்ற சிறுவன் தானே கண்ட இம்முறைகள் பின்னாளில் உலகெங்கும் செல்லோப் பயிற்சியின் அடிப்படை ஆயின.

குடும்பச் செலவுக்காக அவர் மாலை வேளைகளில் பார்சிலோனாவின் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் வாசித்துவந்தார். அங்கு வாசிப்பதற்குப் புதிய இசைச் சுவடிகளை நாடி, 1890-ஆம் ஆண்டில் ஒருநாள் தந்தையாருடன் துறைமுகத்தை அடுத்த பழங்கடை ஒன்றில் நுழைந்தார். கலைந்து கிடந்த தாள்களிடையே ஒரு கட்டு அகப்பட்டது. அது ஜெர்மானிய இசைப் புலவர் பாக் ஏறத்தாழ 1720-இல், செல்லோ ஒன்றே தனித்து ஒலிக்குமாறு இயற்றிய ஆறு இசைத் தொகுதிகள் அடங்கிய ஏடு. ஒவ்வொரு தொகுதியும் முன்னிசை ஒன்றும் ஆடற்குரிய இசை ஐந்துமாக ஆறு உறுப்பு உடையது. அக்காலத்தில் இவற்றை விரற்பயிற்சிக்குரிய பாடமாகவே பெரும்பாலோர் கருதினர். அவையில் வாசித்தாலும் ஏதேனும் ஓர் உறுப்பைப் பிரித்து வாசிப்பதே வழக்கம். உயிருள்ள உடம்பில் ஓர் உறுப்பை மட்டும் அறுத்துக் காட்டுவது போன்றது அது. காசல்ஸ் அந்த ஏட்டைப் பொற்குவை எனக் கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் அதனைப் பயின்றார். அதன் பின்னரே ஒரு தொகுதியை முதல் முதல் ஈறுவரை அவையில் வாசிக்கும் துணிவு அவருக்கு வந்தது. பதின்மூன்று வயதினர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுப் பொறுமையைப் பூண்டார் என்பது எளிய செய்தியன்று.

சிற்றுண்டிச்சாலையில் அவர் வாசிப்பைக் கேட்ட இசைப் புலவர் அல்பெனிஸ், மாத்ரித் நகரப் பெருமகன் ஒருவருக்கு அறிமுகக் கடிதம் தந்தார். அதன்வழி ஸ்பெயின் நாட்டு அரசியாரின் உதவித்தொகை கிடைத்தது. 1895-இல் மேற்படிப்புக்குப் பிரசெல்ஸ் நகரத்து இசைக்கல்லூரிக்குச் சென்றார். அங்கிருந்த பேராசிரியர், ‘இது தெரியுமா, அது தெரியுமா’ எனப் பல உருப்படிகளின் பெயரைச் சொல்லி வினவினார். ‘தெரியும்’ என்றே விடை வந்ததால் மாணவர் முன்னிலையில் எள்ளி நகையாடினார். காசல்ஸ் வாசித்து முடித்தபின் அறையில் பேச்சில்லை. பேராசிரியர் உடனே இடம் தர முன்வந்தார். காசல்ஸ் மறுத்து வெளியேறினார். மானம் காத்தார், ஆனால் உதவித்தொகை நின்றது. பாரிசில் தாயாரும் உடன்பிறந்த சிறுவரும் அவருமாகப் பட்ட வறுமை கொடிது. தாயார் தம் நீண்ட கூந்தலை அறுத்து விற்று உணவு வாங்கிய நாளும் உண்டு.

1896-இல் பார்சிலோனாவுக்குத் திரும்பியபோது காலம் கனிந்தது. பழைய ஆசிரியர் கார்சியா நகரை விட்டு நீங்கியதால், தாம் பயின்ற பள்ளியிலேயே அவர் இடத்தில் ஆசிரியராக அமர்ந்தார். 1899-இல் இலண்டனிலும், பின்னர்ப் பாரிசில் லாமூரோ என்பாரின் புகழ்பெற்ற பல்லியக் குழுவுடனும் வாசித்தார். பாரிசு நகரம் ஒரே நாளில் அவர் பெயரை அறிந்தது. அன்றுதொட்டு ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரை அழைத்த வண்ணம் இருந்தன. 1904-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட்டின் முன் வெள்ளை மாளிகையில் வாசித்தார். 1905-ஆம் ஆண்டை ஒட்டிப் பியானோக் கலைஞர் கார்ட்டோ, வயலின் கலைஞர் திபோ ஆகியோருடன் மூவர் குழு அமைத்தார். போர்ச்சுகல் நாட்டுச் சுஜியா அம்மையாரும் காட்டலோனியாவின் கசாதோவும் அவரிடம் பயின்று புகழ் பெற்றனர்.

இத்துணைப் புகழுக்கிடையே அவர் உள்ளத்தில் அவையச்சம் அகலவில்லை. மேடை ஏறுமுன் நெஞ்சு படபடக்கும். இந்நோய் முதுமைவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1901-இல் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த டாமல்பையஸ் மலையில் ஏறி இறங்கும்போது, உருண்டு வந்த பாறை ஒன்று அவர் இடக்கை விரலை நசுக்கியது. இனி மேடையில் வாசிக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதியே அக்கணத்தில் முதலில் தோன்றியதாம்! விரல் நாளடைவில் குணமாயிற்று. வியன்னா நகரில் முதன்முறை வாசிக்க அமர்ந்தபோது கை நடுங்கிற்று. கையைத் தளர்த்திக்கொள்ள வில்லைச் சுழற்றினார். அது நழுவிப் பறந்து அவையினர் நடுவே சென்று விழுந்தது. ஒருவரும் நகைக்கவில்லை. வில் வரிசை வரிசையாகக் கைமாறி மெல்ல மேடைக்கு வந்தது. அது வரும் வழியைப் பார்த்திருந்த காசல்சின் நடுக்கமும் அடங்கிவிட்டது. பாராட்டத்தக்கவர் அவ்வவையினரும் ஆவர்.

1920-இல் அவர் பார்சிலோனாவில் தம் பெயரால் பல்லியக் குழு ஒன்றை நிறுவினார். அந்நகரக் கலைஞர் பலர் கூலி போதாமையால் வேறு வேலை செய்துகொண்டு இசையை ஒழிந்த நேரத்தில் பயின்றனர். காசல்ஸ் அவர்களுக்குத் தக்க ஊதியம் கொடுத்தார். குறைந்த பணத்தைத் தம் செல்லோவால் ஈட்டிய பொருளைக் கொண்டே நிரப்பினார். 1926-இல் உழைப்பாளர் இசைக்கழகம் தோன்றியது. ஆண்டுக்கு 6 பெசெட்டா செலுத்திய தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்குழுவின் இசையைக் கேட்கலாம். இரவலாகத் தரப்பட்ட இசையன்று அது. தம் காசு கொடுத்துக் கேட்ட இசை.

1936 ஜூலை 18-ஆம் நாள் மாலை, பீத்தோவனின் ஒன்பதாம் பல்லிசைக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மாந்தர் அனைவரும் உடன்பிறந்தார் என்று பாடும் இறுதிப் பகுதி தொடங்கும் வேளை, படைத்தலைவர் கலகம் செய்துவிட்டனர் என்றும் அனைவரும் உடனே வீடு செல்லவேண்டும் என்றும் செய்தி வந்தது. இப்போதே பிரிவதா, முடித்துவிட்டுப் பிரிவதா என்று காசல்ஸ் குழுவினரைக் கேட்டார். முடிப்போம் என்றனர். பாடி முடித்துப் பிரிந்தனர். அக்குழு அதன்பின் முன்போல் கூடி இயங்கவில்லை.

உள்நாட்டுப் போர் மூன்றாண்டு நடந்தது. காசல்ஸ் குடியரசின் பக்கம் நின்றார். அவர் கைகளை முழங்கைவரை வெட்டிவிடுவதாகக் கலகப்படைத் தலைவருள் ஒருவர் வானொலியில் அச்சுறுத்தினார். குழந்தைகளின் உணவுக்கும் மருந்துக்குமாக அவர் இசையரங்குகள் நடத்திப் பொருள் திரட்டினார். பாக்கின் ஆறு தொகுதிகளையும் இலண்டனிலும் பாரிசிலும் இசைத்தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கியதும் இப்போர்க் காலத்தில்தான். 1936-இல் தொடங்கிய பணி 1939-இல் முடிந்தது. பழங்கடையில் கிடைத்த ஏடு இவ்வாறு உலகினர் செவிக்கு எட்டியது. இன்று செல்லோ பயில்வோர் எவரும் அத்தொகுதிகளைக் கல்லாது விடுவதில்லை.

1939-இல் பிராங்கோ வெற்றி பெற்றார். இலட்சக்கணக்கான மக்கள் பிரெனீசு மலையைக் கடந்து பிரான்சு நாட்டில் புகுந்தனர். கடற்கரை மணலில் கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். எல்லையை அடுத்த பிராத் என்னும் சிற்றூரில் குடியேறிய காசல்ஸ், உதவி வேண்டிப் பல நாட்டினருக்கும் கடிதம் எழுதுவதையே நாட்பணியாகக் கொண்டார். வந்த பொருளை முகாம்களுக்குத் தாமே கொண்டுசென்றார். போரின்போது ஜெர்மானிய அதிகாரிகள் வந்து தம் நாட்டில் வாசிக்க அழைத்தனர். மறுத்தார்.

1945-இல் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் வாசித்தார். ஹிட்லரும் முசோலினியும் வீழ்ந்தபின் பிராங்கோவும் வீழ்வார் என நம்பினார். வெற்றி பெற்ற நாடுகள் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் காசல்ஸ் அரிய விரதம் ஒன்றை மேற்கொண்டார்: பிராங்கோவின் ஆட்சியை ஏற்றுக்கொள்ளும் நாடுகளில் இனி மேடையேறி வாசிப்பதில்லை என்பது அது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அளிக்கவந்த பட்டங்களையும் ஏற்கவில்லை. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. எழுத்தாளன் எழுதாதிருப்பினும் முன் எழுதியவை நிற்கும். இசைப்போன் கை ஓய்ந்தால், ஓய்ந்த நாளின் இசை எந்நாளும் மீளாது. முதுமையில் எஞ்சிய ஆண்டுகள் சிலவே என்று எண்ணத்தக்க நிலையில், அவர் கொடுத்த விலை சிறிதன்று.

மேடையை விட்டாரேனும் கருவியை விடவில்லை, கற்பித்தலையும் விடவில்லை. 1946-இல் பெர்னார்டு கிரீன்ஹவுஸ் என்னும் அமெரிக்க இளைஞர் பாடம் கேட்க விரும்பினார். காசல்ஸ் முதலில் இசையவில்லை. பின்னர், ஸ்பெயின் அகதிகளின் உதவி நிதிக்குப் பொருள் அளித்தால் வாசிப்பைக் கேட்பதாக ஒப்பினார். அவ்வாறே வந்து சேர்ந்த இளைஞருக்குப் பாக்கின் இரண்டாம் தொகுதியைக் கற்பித்தார். எந்த விரல், எந்த வில், எங்கே மெலிவு, எங்கே வலிவு என்பன யாவும் ஆசிரியரைப் போலவே அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார். தம்மைப் பிறரின் படியாக ஆக்குகின்றாரே என்று மாணவர் உள்ளூர வருந்தினார். சில வாரங்களில் இருவரும் சேர்ந்து வாசித்தால் ஒருவர் வாசிப்பதுபோல் ஒலித்தது. அந்நிலை வந்தபின் ஒருநாள், மாணவரை அமரச் சொல்லிவிட்டுக் காசல்ஸ் அதே தொகுதியை முற்றிலும் வேறான விரலமைப்பிலும் வில்லமைப்பிலும் வாசித்துக் காட்டினார். பாக்கின் இசையில் தன் கற்பனையைச் செலுத்தும் வழி இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, இனி நீயே பயில்வாயாக என்னும் கருத்துப்பட மொழிந்தாராம். முதலில் இலக்கணம் முற்ற வேண்டும். முற்றியபின்னரே அதனை நெகிழ்த்தும் உரிமை. யாப்புக் கற்றார்க்கு இம்முறை புதிதன்று.

சுர நுட்பம் பற்றியும் அவர் மாணவருக்கு வற்புறுத்தியது ஒன்று உண்டு. பியானோவில் சுரங்கள் யாவும் ஒரே அளவான இடைவெளியில் நிலைத்து நிற்கும்; விரலால் சுரம் காணும் கருவியில் அவ்வாறு நிற்றல் வேண்டா என்பார். ஏறுநிரலில் நிடாதம் மேற்சட்சத்தை நாடிச் செல்வது. ஆதலின் அதனைச் சற்று உயர்த்திச் சட்சத்திற்கு அணுக்கமாக வைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரே சுரம் இருமுறை வருமாயின் இரண்டும் ஒரே தன்மையாக ஒலித்தல் கூடாது என்றும் கூறுவார். ஒரு சிறு தொடரைச் சரிசெய்வதற்குள் பாடவேளை முழுதும் கழிந்துவிடுவதும் உண்டு.

குற்றம் கடிதலில் இத்துணைக் கண்டிப்புடைய அவர், குணம் காண்டலிலும் அத்துணைக் கூர்மை உடையவர். பியாட்டிகோர்ஸ்கி என்னும் உருசிய இளைஞர் பெர்லின் நகரில் ஒரு வீட்டில் அவர்முன் வாசிக்க நேர்ந்தது. அச்சத்தால் எல்லாம் தவறிற்று. பீத்தோவனின் உருப்படி இடையிலேயே நின்றது. காசல்சோ ‘நன்று, நன்று’ என்று தழுவிக்கொண்டார். பொய்யாகப் புகழ்ந்தார் என்று இளைஞர் மனம் நைந்தார். ஆண்டுகள் பல சென்றபின் பாரிசில் அவ்வருத்தத்தை அவரிடமே வெளியிட்டார். காசல்ஸ் சினந்து, செல்லோவை எடுத்து, அன்று அவ்விளைஞர் இன்ன இடத்தில் இன்ன விரலை இட்டதையும் இன்ன இடத்தில் வில்லை இன்னவாறு செலுத்தியதையும் அப்படியே வாசித்துக் காட்டினார். அவை தமக்குப் புதியனவாகவும் இனியனவாகவும் இருந்தன என்றும், பிழைகளை எண்ணும் தொழிலை அறியாதார்க்கு விட்டுவிடுக என்றும் உரைத்தார்.

விரதத்தால் அவர் வெளியே செல்லாராயின், உலகமே அவரிடம் செல்வோம் என்று வயலின் கலைஞர் அலெக்சாந்தர் ஷ்னைடர் முதலியோர் துணிந்தனர். 1950-ஆம் ஆண்டு பாக் மறைந்த இருநூறாவது ஆண்டு. அவ்வாண்டு ஜூன் திங்களில் பல நாட்டுக் கலைஞரும் பிராத் சிற்றூரில் கூடினர். அங்குள்ள பழைய கோயிலில் காசல்ஸ் மீண்டும் செல்லோவுடன் அமர்ந்தார். அவ்விழா பின்னர் ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று. 1952 முதல் சுவிட்சர்லாந்தின் செர்மாத் நகரில் கோடை வகுப்புகள் நடத்தினார்.

பின்னர்த் தாயார் பிறந்த போர்ட்டோரிக்கோத் தீவில் குடியேறினார். 1957-இல் அங்கு முதல் இசைவிழாவின் ஒத்திகையில் மாரடைப்பால் சாய்ந்தார். விழாவோ அவரது வெற்று நாற்காலியை மேடையில் வைத்து நடந்தேறியது. உடல் தேறி எழுந்தபின் அத்தீவில் பல்லியக் குழுவும், 1959-இல் இசைக்கல்லூரியும் தோன்றத் துணை நின்றார். 1960-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அவர் நடத்திய வகுப்புகள் படமாக எடுக்கப்பட்டன. அதே ஆண்டு தொடங்கி அமெரிக்காவின் மார்ல்பரோவிலும் கோடைதோறும் இளைஞர்களுக்குக் கற்பித்தார்.

1958-இல் ஐக்கிய நாடுகள் அவையில் வாசித்தார். அஃது எந்த ஒரு நாட்டுக்கும் உரிய மண் அன்று என்பது அமைதி. 1961 நவம்பர் 13-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் வாசித்ததற்கு அவ்வமைதி கூறுதல் இயலாது. அமெரிக்கா பிராங்கோவுடன் உறவு கொண்ட நாடே. கென்னடியின்பால் கொண்ட நன்மதிப்பால் உடன்பட்டார் என்பர். விரதம் அங்கே சற்று நெகிழ்ந்தது என்றே கொள்ளல் தகும். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் தாம் அமர்ந்த அதே மாளிகையில் எண்பத்து நான்கு வயதில் மீண்டும் அமர்ந்து, முடிவில் தம் நாட்டுப் ‘பறவைகளின் பாட்டு’ என்னும் நாடோடிப் பாடலை வாசித்தார். நாடு நீங்கிய காலத்தில் இசையரங்குகளை அப்பாடலோடு முடிப்பது அவர் வழக்கமாகியிருந்தது. 1971-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அமைதிப் பதக்கம் பெற்றபோதும் அதனையே வாசித்தார்.

1973 அக்டோபர் 22-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில், போர்ட்டோரிக்கோவில் காசல்ஸ் மறைந்தார். பிராங்கோ மறைந்தது 1975-இல். ஸ்பெயினில் மக்களாட்சி மீண்டபின், 1979-ஆம் ஆண்டில், அவர் உடல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு வெந்திரெல் ஊரில் அடக்கம் செய்யப்பெற்றது.